சராசரி டாக்டர்

அத்தியாயம் 4

'குற்றாலலிங்கம் துப்பறியும் நிறுவனம் – தலைமையகம்' என்றது பலகை. கிளைகள் எங்கெங்கே என்று யாராவது கேட்டுவிட்டால் குற்றாலலிங்கம் ஜன்னலுக்கு வெளியே யோசனையாகப் பார்ப்பார். கொஞ்ச நேரத்தில் கேட்டவருக்கே கூச்சமாகிவிடும். கிழக்கேகோட்டையில் ஒரு வறுவல் கடைக்கு மேலே இருந்த மாடியறைதான் தலைமையகம். கீழே நேந்திரங்காய் எண்ணெயில் விழும்போதெல்லாம் மேலே நிறுவனமே மணக்கும். அந்த மணத்தில் எந்தக் குற்றத்தைக் கேட்டாலும் அவருக்குப் பசிதான் வந்தது. அதைத் தொழில் ஆர்வம் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இன்று எதிரே உட்கார்ந்திருந்தவள் பேசப் பேச அந்தப் பசியும் போய்விட்டது.

அவள் பெயர் தங்கபாய். பொன்முடிக்குப் போகிற சுற்றுலாக்காரர்களுக்குக் கல்லாற்றில் டீயும் ஆம்லெட்டும் போட்டுக்கொடுக்கிறவள். அவள் புருஷனுக்கு எலும்பில் புற்று. பக்கத்து ஊரான வித்துரா மருத்துவமனையில் டாக்டர் ராஜையன் எழுதிக்கொடுக்கும் மார்ஃபின் மாத்திரையில்தான் அந்த மனிதர் படுத்துத் தூங்குகிறார். அந்த மாத்திரையை எழுதத் தனி லைசன்ஸ் வேண்டும். ராஜையனின் லைசன்ஸை இன்று நாலு மணிக்கு அரசுக் கமிட்டியில் விசாரித்து ரத்து செய்யப்போகிறார்கள். அவருடைய மருந்தலமாரிக்குப் போன வாரமே சீல் வைத்தாயிற்று.

"டாக்டரு நல்லவரா கெட்டவரான்னு நீங்க கண்டுபிடிக்க வேண்டாம் சாரே," என்றாள் தங்கபாய். "அந்த லைசன்ஸு போவக்கூடாது. எனக்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு ராத்திரிக்கு மாத்திரை இல்ல. அம்புட்டுத்தான் கேஸு."

குற்றாலலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டார். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் க்ளெயிம்களைப் பிடித்தே தலை நரைத்த திருநெல்வேலிக்காரர் அவர். "பாருங்கம்மா, துப்பறியதுக்குன்னு ஒரு முறை இருக்கு. முதல்ல நோக்கம். அப்புறம் வாய்ப்பு. அப்புறம்..."

"முதல்ல ஃபேன் போடட்டா அண்ணாச்சி? அவங்களுக்கு வேர்க்குது," என்றாள் ஆதிரா.

ஆதிரா அவருடைய உதவியாளர். புள்ளியியலில் எம்.எஸ்ஸி. படித்துவிட்டு, அரசு வேலைக்கான பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்டில் தன் பெயர் மேலே நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இங்கே வேலை செய்கிறவள். தன்னை 'சீஃப்' என்று கூப்பிடும்படி அவர் முதல் நாளே சொல்லியிருந்தார். அவள் சரி அண்ணாச்சி என்றிருந்தாள்.

ஃபேனைப் போட்டுவிட்டு வந்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். "இதாணு வில்லன்."

திரையில் 'திருஷ்டி' என்ற பெயர் சுழன்றது. எந்த டாக்டர் எந்த மருந்தை எவ்வளவு எழுதுகிறார் என்று கணினி எண்ணிக்கொண்டே இருக்கும் அரசுத் திட்டம் அது. வழக்கத்துக்கு மாறாக எழுதினால் அவர் பெயர் சிவப்பாகும். சிவப்பானால் விசாரணை. மலையாளத்தில் திருஷ்டி என்றால் பார்வை. பெயர் வைத்தவர்கள் பக்கத்துத் தெருத் தமிழர்களை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பூசணிக்காய் உடைத்துவிட்டுத் தொடங்கியிருப்பார்கள். கீழே ஒரு வாசகம் ஓடியது: 'மனிதக் கை படாத நீதி.'

"இது நம்ம ராஜையன் டாக்டர்," என்று ஆதிரா ஒரு சிவப்புத் தூணைக் காட்டினாள். "ஸ்கிரீனை முட்டிட்டு நிக்குது. இன்னும் கொஞ்சம் வளர்ந்தா பஞ்சாயத்துல பெர்மிட் எடுக்கணும்."

"அவ்வளவு எழுதுதாரா?"

"பின்னே எழுதாம?" என்றாள் தங்கபாய். "இங்க பெரிய பெரிய ஆஸ்பத்திரியில எல்லாம் போய்க் கேட்டாச்சு. 'எழுதினா செவப்பு வரும், நீ வித்துராவுக்குப் போ'ன்னு வெரட்டுதாவ. கழக்கூட்டத்தில இருந்தெல்லாம் ஆளு வருது அவருகிட்ட."

"ஊரே உண்ணாவிரதம் இருக்கும்போது ஒருத்தன் இட்லி தின்னா அவன்தானே பெருந்தீனி," என்றாள் ஆதிரா.

குற்றாலலிங்கம் மேஜையைத் தட்டினார். "அவ்வளவுதானே! இதைக் கமிட்டியில சொன்னா முடிஞ்சுது!"

"டாக்டரு சொல்லிப் பார்த்தாச்சு. கோடு என்ன சொல்லுதோ அதுதான் கணக்குன்னுட்டாவ."

அந்தக் கோடு சிவப்புத் தூண்களுக்கெல்லாம் அடியில் பச்சையாக ஓடியது. அதன் பெயர் 'முன்மாதிரி டாக்டர்'. கிழக்கேகோட்டை டாக்டர் சூடாமணி, ஓய்வுபெற்ற பேராசிரியர், அவர் எழுதுகிற அளவுதான் அளவு. மற்ற டாக்டர்கள் அவரிடமிருந்து எவ்வளவு விலகுகிறார்களோ அவ்வளவு சிவப்பு. மாலை போட்ட புகைப்படம் ஒன்றும் இருந்தது. மாலைக்கு மேலே இருந்த முகத்துக்கு ஐம்பது வயதுகூட இராது.

ஆதிரா கோட்டைப் பெரிதாக்கினாள். அவள் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணாச்சி, இந்த ஆள் மனுஷன்தானா?"

"பேராசிரியர்மா."

"அது வேற. நல்ல டாக்டர் ஆனாலும் சரி, மோசமான டாக்டர் ஆனாலும் சரி, கோடு ஆடும். மழை பெய்தா காய்ச்சல் மருந்து கூடும். கர்க்கடக மாசத்துல எல்லாரும் கஷாயத்துக்குப் போவாங்க, இங்கிலீஷ் மருந்து குறையும். ஹர்த்தால்னு கடையடைச்சா ஆளே வராது. ராஜையன் டாக்டர் கோட்டைப் பாருங்க, பொன்முடி ரோடு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. இவரோடது ஏர்போர்ட் ரன்வே. ஓணம், ஹர்த்தால், ஒண்ணுமே இவருக்கு இல்ல." விரலை ஓட்டிக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நிறுத்தினாள். "பொங்காலையன்னிக்கும் சராசரி!"

"அன்னைக்கு யாருக்கும் தலைவலி வரக்கூடாதா?"

"வரலாம். ஆனா எப்படி உள்ள போனாங்க? ஆற்றுகால் பொங்காலைக்கு ஊர்ல இருக்கிற பெண்ணுங்க பூரா தெருவுல அடுப்புக் கூட்டி இருந்தோம் அல்லே? எனக்கு வேற இடம் கிடைக்கல. இந்த டாக்டரோட கிளினிக் படியில, கேட்டை ஒட்டி, மூணு செங்கல் வச்சு நான்தான் பொங்கினேன் அண்ணாச்சி. கேட்டைத் திறந்தா என் பானை கவிழும். காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு ஈ உள்ள போகல. ஆனா இங்கே பாருங்க, முப்பது பேருக்கு மருந்து எழுதியிருக்கார்!"

குற்றாலலிங்கம் எழுந்தார். மூங்கில் நாற்காலியும் அவரைப் பிடித்துக்கொண்டு கூடவே எழுந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, "போலி!" என்றார். வாழ்நாளெல்லாம் கண்டுபிடித்தது அது ஒன்றைத்தான் என்பதால் அந்தச் சொல்லை அவர் மிக அழகாக உச்சரிப்பார். "அம்மா, நீங்க நேரே விசாரணைக்குப் போங்க. அந்தக் கோட்டைக் கையோட கழட்டிக் கொண்டுவாறோம்."

*

கோட்டைக்குள் அந்தத் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். டாக்டர் சூடாமணியின் பித்தளைப் பெயர்ப்பலகை பளபளவென்று துலக்கப்பட்டிருந்தது. கேட்டின் தாழ்ப்பாள் துருவேறி இறுகிக் கிடந்தது. நோயாளிகள் கையே படாத தாழ்ப்பாள். ஆதிரா அதைப் பார்த்தாள், அவரையும் பார்த்தாள். தாமே முதலில் கவனித்ததுபோல் குற்றாலலிங்கம் தலையாட்டிக்கொண்டார்.

பக்கவாட்டு வாசலில் அழைப்பு மணியை அழுத்தினார்கள். உள்ளே தொலைக்காட்சியில் யாரோ உபன்யாசம் செய்துகொண்டிருந்தார். தெரு மொத்தத்துக்கும் புண்ணியம் கிடைக்கிற அளவுக்குச் சத்தம். மூன்று தடவை அடித்த பிறகு கதவு ஒரு சாண் திறந்தது. அறுபதைத் தாண்டிய ஒரு அம்மாள். டாக்டரின் மனைவி நீலாம்பாள்.

"டாக்டர் பூஜையிலே இருக்கார்," என்றாள், யாரும் கேட்பதற்கு முன்னாலேயே.

"தலை பிளக்குது மாமி," என்று ஆதிரா நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு சீட்டு எழுதித் தந்தா மதி, போதும்."

"இப்பல்லாம் அவர் யாரையும் பார்க்கறதில்..." நீலாம்பாள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பார்க்கறார். இன்னிக்கு இல்லே."

"நாளைக்கு?"

"நாளைக்கு ஏகாதசி."

"அதுக்கு மறுநாள்?"

"அன்னிக்கு வெளியூர் போறார்."

"பூஜை, ஏகாதசி, வெளியூர். இத்தனைக்கு நடுவிலே தினம் முப்பது பேர்," என்றாள் ஆதிரா. "டாக்டரை நான் ஒருதரம் கும்பிட்டுட்டுப் போறேன் மாமி."

அதற்குள் குற்றாலலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் நின்றார். பார்வையைச் சுழற்றினார். அதற்கென்றே கண்ணாடி முன்னால் பழகிய சுழற்றல் அது. கூடத்தில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அது தொலைக்காட்சிக்கு முதுகைக் காட்டி, உள்ளறைக் கதவைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது.

"டிவிக்கு முதுகைக் காட்டிக்கிட்டு டிவி பாக்கியவங்களை இப்பத்தான் பாக்கேன்," என்று சத்தத்துக்கு மேலே கத்தினார். "கொஞ்சம் குறைச்சு வைக்கலாமா?"

"குறைக்கப்படாது!" என்றாள் நீலாம்பாள். அது அதட்டலாகத் தொடங்கிக் கெஞ்சலாக முடிந்தது.

"ஏன்?"

வெளியே மழை ஓங்கிப் பிடித்தது. எங்கோ ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்திருக்க வேண்டும், கரண்ட் போயிற்று. உபன்யாசகர் பாதி வார்த்தையில் நின்றார்.

அந்த நிசப்தத்தில் உள்ளறையிலிருந்து ஒரு ஓலம் வந்தது. வார்த்தையில்லாத, மூச்சு முடிகிற இடத்தில் நின்று மறுபடி மூச்சு வாங்கித் தொடர்கிற ஓலம்.

குற்றாலலிங்கத்தின் பார்வை சுழல மறந்து நின்றுவிட்டது. ஆதிரா கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டு, தள்ளிய கையாலேயே மெதுவாகச் சாத்தினாள். புகைப்படத்தில் மாலைக்கு மேலே இருந்த முகத்தின் எலும்பு மட்டும் அந்தக் கட்டிலில் மிச்சமிருந்தது.

"ரெண்டு வருஷமாச்சு," என்றாள் நீலாம்பாள் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. "முதுகெலும்பிலே வந்திருக்கு. அன்னிலேர்ந்து இந்த ஆத்திலே ஒரு பேஷண்டும் காலெடுத்து வச்சதில்லே."

"அப்ப தினமும் மருந்து எழுதறது யாரு?"

அவள் சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு படம். கோட்டும் டையும் போட்ட ஒருவன் ஒரு கேடயத்தை வாங்கிக்கொண்டிருந்தான். ஆதிரா அருகே போய்ப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது கிரீஷ்! 'திருஷ்டி'யோட டைரக்டர்."

"எங்க பிள்ளை," என்றாள் நீலாம்பாள். "ஊர்லே ஒரு டாக்டரும் அவனுக்குக் கணக்குத் தரலை. முதல்லே நீ யாரையாவது போட்டுக் காட்டு, அப்புறம் பார்க்கலாம்னா. 'அப்பா நன்னா இருந்த காலத்துக் கணக்கை வச்சு ஓட்டிக்கறேம்மா, ஒரு மாசத்துக்குத்தான்'னான். அப்புறம் கேடயம் குடுத்துட்டா. கேடயம் வாங்கினப்புறம் எப்படி நிறுத்தறது?"

ஆக, ஊரில் இருக்கிற டாக்டர்களையெல்லாம் அளந்துகொண்டிருந்த முழக்கோல் ஒரு மனிதரே இல்லை. மகன் கணினியில் சாவி கொடுத்து விட்டிருந்த பொம்மை. பொம்மைக்கு வலி தெரியாது, அதனால் அது வலி மாத்திரை எழுதுவதில்லை. எழுதுகிறவன் குற்றவாளி.

"இவருக்கு மாத்திரை?" என்று குற்றாலலிங்கம் கேட்டார்.

"இங்கே ஒருத்தரும் எழுத மாட்டா. எழுதினா சிவப்பாயிடும்." நீலாம்பாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். "வித்துராவிலே இவரோட சிஷ்யன் ஒருத்தர் இருக்கார். ராஜையன். வாரா வாரம் பஸ்ஸிலே போய் வாங்கிண்டு வருவேன். பேர் பதியப்படாதுன்னு கெஞ்சினேன். முன்மாதிரி டாக்டர் படுத்த படுக்கைன்னு தெரிஞ்சா பிள்ளை தெருவிலே நிப்பானே. அந்த மனுஷர் ஒரு வார்த்தை பேசலை. பேரில்லாம குடுத்தார். இப்போ அங்கே சீல் வச்சுட்டா. நாலு நாளா இவர் இப்படித்தான்."

"கிரீஷ்கிட்டே சொல்லலையா மாமி?" என்றாள் ஆதிரா.

"சொன்னேன். 'நாலு மணி மீட்டிங் முடியட்டும்மா, பார்க்கலாம்'னான்."

கரண்ட் வந்தது. உபன்யாசகர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

*

"கமிட்டியில போய் உள்ளதைச் சொன்னா போதும்," என்றாள் ஆதிரா ஆட்டோவில். "முன்மாதிரி டாக்டரே இல்லேன்னா கோடே இல்ல. கோடு இல்லேன்னா சிவப்பும் இல்ல."

"சொன்னா ராஜையன் பேரில்லாம மாத்திரை குடுத்ததும் வெளிய வரும். அது சட்டப்படி குத்தம். இதுவரைக்கும் அவர் மேல சந்தேகம்தான் இருக்கு. நாம வாயைத் திறந்தா குற்றப்பத்திரிகையே ஆயிரும்."

"சொல்லலேன்னா நாலு மணிக்கு லைசன்ஸ் போகும்."

"சொன்னாலும் போகும்."

ஆட்டோ ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. இறங்கும்போது யோசனையில்லாமல் இருந்த குற்றாலலிங்கம் ஏறும்போது யோசனையோடு ஏறினார். "உண்மையைச் சொல்ல வேண்டாம்மா. பொய்யைக் கொஞ்சம் உயர்த்துவோம்! பொம்மைக் கோட்டைக் கிரீஷ் மேலே தூக்கட்டும். முன்மாதிரி டாக்டரே மார்ஃபின் தாராளமா எழுதினதா இருந்தா, ராஜையன் தானா சராசரிக்கு வந்திருவாரே?"

ஆதிரா உடனே சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, ஒரே நாள்ல ஒரு கோடு அப்படிக் குதிச்சா..."

"எம்மா, இது புள்ளிவிவரம் இல்ல. புத்தி."

*

விசாரணைக் கூடத்தில் குளிர்சாதனம் கடுமையாக வேலை செய்தது. குழுவின் தலைவி திவ்யலட்சுமி பேச எழுந்தால் முதலில் திட்டத்தைப் பாராட்டுவார், பிறகு திட்டத்தைப் பாராட்டியவர்களைப் பாராட்டுவார். ஒரு பக்கம் பத்திரிகைக்காரர்கள். நடுவில் சுவரளவுத் திரையில் ராஜையனின் சிவப்புத் தூண். அதன் அடியில் டாக்டர் ராஜையன், நனைந்த குடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு, எதற்கோ வரிசையில் நிற்கிறவரைப் போல உட்கார்ந்திருந்தார். கடைசி நாற்காலியில் தங்கபாய்.

குற்றாலலிங்கம் கிரீஷை நடைபாதைக்கு இழுத்தார்.

"உங்க வீட்டுல கரண்ட் போச்சு தம்பி."

கிரீஷ் டையைத் தளர்த்தினான். வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. "கேட்டீங்களா?" என்றான் தாழ்ந்த குரலில். "நான் ரெண்டு மாசமா அந்த வீட்டுல தூங்கல சார். ஹோட்டல்ல இருக்கேன். மீட்டிங்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கேன்."

"கோட்டை உயர்த்துங்க. உங்க அப்பாவுக்கும் மாத்திரை வரும்."

கிரீஷ் கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறகு லேப்டாப்பைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, தன் தகப்பனாரின் கையால் நூற்றுக்கணக்கான மார்ஃபின் சீட்டுகள் எழுதினான்.

கூடத்தில் திவ்யலட்சுமி 'தரவு பொய் சொல்லாது' என்ற இடத்துக்கு வந்திருந்தார். திரையில் பச்சைக் கோடு நிமிர்ந்து எழுந்தது. ராஜையனின் தூண் ஆரஞ்சானது, மஞ்சளானது, பச்சையாயிற்று.

ஒரு நிமிடம் யாருக்கும் எதுவும் புரியவில்லை. திவ்யலட்சுமிக்குத்தான் முதலில் புரிந்தது, அல்லது புரியாவிட்டாலும் பேச முடிந்தது. "பார்த்தீர்களா! நிரபராதியை அது தானாகவே விடுவிக்கிறது! மனிதக் கை படாமல்!" கைதட்டல். டாக்டர் ராஜையன் மீதான விசாரணை முடிந்தது, லைசன்ஸ் தொடரும் என்று அறிவித்தார்.

ராஜையன் மட்டும் திரையையே பார்த்தபடி, "அதைத் தூக்கினது யாரு?" என்றார். அதற்குள் தங்கபாய் அவர் முன்னால் வந்து நின்றாள். அவர் பையிலிருந்து சீட்டை எடுத்து எழுதிக் கொடுத்தார். வளாகத்துக்குள்ளேயே இருந்த மருந்தகத்தில் பையன் திரையைப் பார்த்தான், பச்சை என்று கண்டான், ஒரு அட்டை மாத்திரையை எடுத்து நீட்டினான்.

குற்றாலலிங்கம் தம் மீசையை ஒருமுறை நீவிவிட்டுக்கொண்டார். "புத்தி," என்றார்.

"அண்ணாச்சி," என்றாள் ஆதிரா. "திரையைப் பாருங்க."

கணினியிலிருந்து எச்சரிக்கை மணியோசை கேட்டது. திரையின் நடுவில் ஒரு புதிய தூண் எழுந்துகொண்டிருந்தது. ராஜையனுடையதைவிட உயரம், சிவப்பு. வருஷக்கணக்காக அசையாத ஒரு டாக்டர் ஒரே பிற்பகலில் இவ்வளவு மார்ஃபின் எழுதினால் எந்தக் கணினியும் அதைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். டாக்டர் சூடாமணி, கிழக்கேகோட்டை. கீழே எழுத்துகள் ஓடின: 'ஆய்வுக் குழு அனுப்பப்பட்டது.'

குற்றாலலிங்கம் கிரீஷைப் பிடித்து உலுக்கினார். "நிறுத்துங்க தம்பி!"

"கோட்டை மாத்த முடியும் சார். அலாரத்தை முடியாது." கிரீஷ் லேப்டாப்பை மூடினான். "அதுக்குச் சாவியே கிடையாது. யாரும் கை வைக்கக்கூடாதுன்னு நான்தான் அப்படி வடிவமைச்சேன்."

ஆய்வுக் குழு அரசு வேலையில் அபூர்வமான வேகத்தில் போய்ச் சேர்ந்தது. தொலைபேசியில் செய்தி வந்தது. கிளினிக் இயங்கவில்லை. டாக்டர், அதாவது டைரக்டர் கிரீஷின் தகப்பனார், படுக்கையில். கட்டிலடியில் வித்துரா மருத்துவமனை முத்திரையோடு மார்ஃபினின் காலி அட்டைகள். பதிவில் நோயாளியின் பெயர் இல்லை.

திவ்யலட்சுமி ராஜையனைப் பார்த்தார். ராஜையன் எழுந்து நின்றார்.

"நான்தான் குடுத்தேன்," என்றார். "அவரு எனக்கு வாத்தியாரு. வலின்னா என்னன்னு கிளாஸ்ல சொல்லிக் குடுத்தது அவருதான்."

மறுபடியும் விசாரணை வைக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. லைசன்ஸ் ரத்தாயிற்று. சிவப்பான தூணோடு சேர்ந்து பச்சையான தூணும் விழுந்தது. இயங்காத கிளினிக்கிலிருந்து இத்தனை நாள் சீட்டு எழுதியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அடுத்த நிமிடமே திவ்யலட்சுமி பத்திரிகைக்காரர்கள் பக்கம் திரும்பினார். தன் சொந்தத் தகப்பனாரையே காட்டிக்கொடுக்கிற ஒரு முறையை உருவாக்கிய இளைஞரின் நேர்மையை என்னவென்று சொல்வது என்று கேட்டார். கேமராக்கள் கிரீஷின் பக்கம் திரும்பின. அவன் சிரிக்கவில்லை. அதை அடக்கம் என்று எழுதிக்கொண்டார்கள்.

*

கிழக்கேகோட்டை பஸ் நிலையத்தில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தங்கபாயை நெடுமங்காடு வழி பஸ்ஸில் ஏற்றிவிட ஆதிராவும் குற்றாலலிங்கமும் வந்திருந்தார்கள்.

"நாளைக்கு வேற டாக்டரைப் பாத்துச் சொல்லுதேம்மா," என்றார் குற்றாலலிங்கம்.

"யாரைப் பாப்பீங்க?" என்றாள் தங்கபாய். கோபமில்லாமல்தான் கேட்டாள்.

அவர் ஜன்னல் இல்லாத இடத்தில் வெளியே பார்க்க முயன்றார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு குடையில்லாமல் ஒரு அம்மாள் வந்து பஸ்ஸின் பலகையை அண்ணாந்து படித்தாள். நீலாம்பாள்.

"மாமி, வித்துராவுக்கா?" என்றாள் ஆதிரா. "டாக்டரோட லைசன்ஸ் போச்சு மாமி. அங்கே ஒண்ணும் கிடைக்காது."

"தெரியும். அவாள்ளாம் ஆத்துக்கு வந்து சொன்னா." நீலாம்பாள் பஸ் படிக்கட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஆத்திலே இருக்க முடியலை. வேற எங்கே போறதுன்னும் தெரியலை. அதான் இங்கேயே வந்துட்டேன்."

தங்கபாய் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு ஆதிராவை. "நீங்க சொன்ன அந்தப் படுக்கை டாக்டரு வீட்டம்மா இவங்கதானா?"

ஆதிரா தலையாட்டினாள்.

தங்கபாய் இடுப்பில் செருகியிருந்த பையைத் திறந்தாள். கொஞ்ச நேரம் திறந்தபடியே வைத்திருந்தாள். கண்டக்டர் விசிலை ஊதினார். அவள் மாத்திரை அட்டையை எடுத்து, மடித்து, மடிப்பில் பல்லை வைத்துக் கிழித்தாள். நேர்பாதியாகக் கிழியவில்லை. சின்னத் துண்டை நீலாம்பாளின் ஈரக் கையில் வைத்துவிட்டுப் படியேறினாள்.

நீலாம்பாள் கைகூப்பப் போனாள். மாத்திரை நனையுமென்று கையை மூடிக்கொண்டாள்.

"என்னைக் கும்பிடாதீங்கம்மா," என்றாள் தங்கபாய் படியிலிருந்தே. "நாளைக்கழிச்சு என்னைத் தேடிட்டும் வராதீங்க. வந்தா எனக்க வீட்டுச் சத்தத்தையும் சேத்துக் கேக்கணும்."